ஸ்பீக்கரில் "ம்ம்ம்..." சத்தமா? எர்த் பின்னை ஒடிக்காதீங்க! மேற்கு மாம்பலம் வீடுகளில் தூக்கம் கெடுக்கும் இரைச்சலை கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை மேற்கு மாம்பலம். ராத்திரி 10 மணி. ரெயில் நிலையத்தில் கூட்டம் குறைந்து, ஆர்ய கவுடா சாலையில் கடைகளின் ஷட்டர் ஒவ்வொன்றாக இறங்கும் நேரம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர், நாலு பழைய பாட்டு கேட்கலாம் என்று ஆம்ப்ளிபயரை ஆன் செய்கிறார். பாட்டு வருவதற்கு முன்பே ஸ்பீக்கரில் இருந்து "ம்ம்ம்..." என்று ஒரு இரைச்சல். பாட்டை நிறுத்தினாலும் அது மட்டும் நிற்காது.

மேற்கு மாம்பலத்தில் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளும் உண்டு. 30, 40 வருடத்துக்கு முன்பு கட்டிய சின்ன அடுக்குமாடி வீடுகளும் உண்டு. ஆம்ப்ளிபயர், ஹோம் தியேட்டர், டி.வி., செட்-டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் என்று சாமான்கள் கூடிக்கொண்டே போகின்றன. சுவருக்குள் ஓடும் வயர் மட்டும் பழசாகவே இருக்கிறது. இரைச்சலுக்கு பாதி காரணம் இதுதான்.

சத்தம் வந்ததும் பலர் செய்யும் காரியம், பிளக்கில் உள்ள மூன்றாவது பெரிய பின்னை ஒடித்துவிடுவது. அல்லது 2 பின் அடாப்டரை மாட்டிவிடுவது. சத்தம் நின்றுவிடும். ஆனால் அன்று முதல் அந்த பெட்டி ஆளைக் கொல்லும் பெட்டி. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் இது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், பின்னை ஒடிக்காமலே அதை நிறுத்தலாம்.

5 கட்டை சுருதி

நம் வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். அது வினாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடும் கரண்ட். இந்த 50 எப்படியோ பாட்டு போகும் வயருக்குள் புகுந்துவிட்டால், ஸ்பீக்கர் அதையும் பாட்டு என்று நினைத்து ஒலிக்கிறது. ஆம்ப்ளிபயருக்குள் இந்த கரண்ட், பேட்டரி கரண்ட் மாதிரி ஒரே பக்கமாக ஓடும்படி மாற்றப்படும். அந்த வேலை சரியாக நடக்காவிட்டால் வருவது வினாடிக்கு 100 அதிர்வு உள்ள சத்தம்.

மேற்கு மாம்பலத்தில் கச்சேரி கேட்பவர்களுக்கு பஞ்சம் இல்லை. அவர்களுக்குப் புரியும்படி சொன்னால், 50-ம் சரி, 100-ம் சரி, 5 கட்டை சுருதிக்கு ஒரு நூல் மேலே நிற்கிற சத்தம். ஒன்று கீழே, இன்னொன்று அதற்கு ஒரு ஸ்தாயி மேலே. தம்புரா மாதிரி விடாமல் இழுக்கும். பாடுபவர் வேறு சுருதியில் பாடினால் காதில் இடிக்கும்.

சத்தத்தின் குணத்தை வைத்தே ஓரளவு நோயை யூகிக்கலாம். மெத்தென்று ஆழத்தில் இருந்து "ம்ம்ம்" என்று வந்தால் வயர், எர்த் பக்கம் சந்தேகப்படலாம். கொஞ்சம் முரட்டுத்தனமாக "ஊர்ர்ர்" என்று வந்தால் ஆம்ப்ளிபயரின் பவர் சப்ளை. "கிர்ர்ர்" என்று தகரத்தைத் தேய்த்த மாதிரி வந்தால் பேன் ரெகுலேட்டர், டிம்மர், மலிவான எல்.இ.டி. விளக்கு. இது யூகம்தான். சோதனை செய்தால்தான் உறுதியாகும்.

முதல் கேள்வி: பெட்டியா, ஸ்பீக்கரா?

ஸ்பீக்கர் வயரைத் தொடாமல், பெட்டியின் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள். சத்தம் பெட்டிக்குள் இருந்தே வந்தால் அது டிரான்ஸ்பார்மரின் உறுமல். ஸ்பீக்கரில் வந்தால் அது வேறு வியாதி. இரண்டுக்கும் வைத்தியமும் வேறு. பெட்டி உறுமுகிறதா, ஸ்பீக்கர் உறுமுகிறதா என்று பார்க்காமலே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் காசை விட்டவர்கள் உண்டு.

10 நிமிட சோதனை

இந்த சோதனைக்கு ஸ்க்ரூ டிரைவர் கூட வேண்டாம். வயரைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் எல்லா சாமானின் சுவிட்சையும் ஆப் செய்துவிட்டு, பிளக்கையும் எடுத்துவிட வேண்டும்.

1. வால்யூமை பூஜ்யத்துக்கு கொண்டு வாருங்கள். அப்போதும் சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்ப்ளிபயருக்குள்ளேயே இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் சத்தமும் கூடினால், அது வெளியில் இருந்து வயர் வழியாக வருகிறது.

2. டி.வி., டி.வி.டி., கம்ப்யூட்டர், மைக் என்று ஆம்ப்ளிபயருக்குப் போகும் எல்லா ஆடியோ வயரையும் கழற்றுங்கள். ஸ்பீக்கர் மட்டும் இருக்கட்டும். மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் போய்விட்டதா? அப்படியானால் ஆம்ப்ளிபயர் மேல் தப்பு இல்லை.

3. இப்போது வயர்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது சத்தம் வருகிறதோ, அதுதான் குற்றவாளி.

4. அந்த வயரை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆடியோ வயரின் மேல் பின்னல் கம்பி உள்ளே அறுந்திருந்தால், வெளியே பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரைச்சல் பலமாக வரும். பின் இருக்கும் இடத்தில் லேசாக ஆட்டும்போது சத்தம் மாறினால் வயர் போய்விட்டது என்று அர்த்தம். புது வயர் போட்டால் வேலை முடிந்தது.

5. ஆடியோ வயரும் கரண்ட் வயரும் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தால் பிரித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு அடி இடைவெளி இருந்தால் நல்லது. குறுக்கே போக வேண்டி இருந்தால் கூட்டல் குறி மாதிரி குறுக்கே போகட்டும். பக்கத்தில் ஒட்டியபடி போகக்கூடாது.

6. லேப்டாப்பில் பாட்டு போடுபவர்கள் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜர் வழியாக வந்த இரைச்சல் அது.

கேபிள் வயர் செய்யும் வேலை

டி.வி.யில் இருந்து வரும் ஆடியோ வயரைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறது. ஆனால் வயர் நன்றாக இருக்கிறது. அப்போது என்ன செய்வது? செட்-டாப் பாக்ஸின் பின்னால் வரும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் சத்தம் சட்டென்று நின்றுவிடும்.

காரணம் இதுதான். ஆம்ப்ளிபயருக்கு வீட்டு எர்த் ஒன்று இருக்கிறது. கேபிள் வயரின் மேல் பின்னல், தெருவில் வேறு எங்கோ தரையோடு சேர்ந்திருக்கிறது. இந்த இரண்டு தரையும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் வித்தியாசம் இருந்தாலே, ஆடியோ வயர் வழியாக கரண்ட் சுற்றிச் சுற்றி ஓடும். இதைத்தான் மெக்கானிக்குகள் "கிரவுண்டு லூப்" என்கிறார்கள். மொட்டை மாடியில் டிஷ் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதி வரலாம்.

இதற்கு தீர்வு மூன்று. டி.வி., செட்-டாப் பாக்ஸ், ஆம்ப்ளிபயர் எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் இருந்து ஓட்டுவது முதல் தீர்வு. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் எர்த் கிடைக்கும். ஆனால் அதே போர்டில் அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் எதுவும் சேர்க்கக்கூடாது. இரண்டாவது, ஆடியோ வயருக்கு நடுவில் "கிரவுண்டு லூப் ஐசோலேட்டர்" என்ற சின்ன டப்பாவை மாட்டுவது. அதற்குள் சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். பாட்டு போகும், தரை கரண்ட் போகாது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மூன்றாவது, டி.வி.யிலும் ஹோம் தியேட்டரிலும் ஆப்டிகல் துவாரம் இருந்தால் அந்த வயரைப் பயன்படுத்துவது. அதில் கரண்டே ஓடாது. வெளிச்சம்தான் ஓடும். எனவே லூப் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேபிள் வயரைக் கழற்றும்போது ஜாக்கிரதை. அதில் சில நேரம் ஷாக் அடிக்கும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றபடி தொடக்கூடாது.

மூன்றாவது பின் எதற்கு?

கிரவுண்டு லூப் இருக்கும் வீட்டில் எர்த் பின்னை ஒடித்தால் சத்தம் நிற்பது உண்மைதான். சுற்றும் வழி அறுந்துவிடுகிறது. அதனால்தான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த பின் சத்தத்துக்காக வைத்தது அல்ல. ஆம்ப்ளிபயருக்குள் பேஸ் வயர் உருகியோ, நழுவியோ தகரப் பெட்டியைத் தொட்டுவிட்டால், அந்த கரண்ட் எர்த் வழியாக ஓடி பியூஸைப் போக்க வேண்டும். அல்லது டிரிப்பரைத் தட்டிவிட வேண்டும். அதற்குத்தான் அந்த பின். பின் இல்லாவிட்டால் பியூஸ் போகாது. பெட்டி முழுக்க 230 வோல்ட்டோடு அமைதியாக உட்கார்ந்திருக்கும். யார் கை படும் என்று காத்திருக்கும்.

பெட்டியோடு நிற்காது. ஆடியோ வயரின் மேல் பின்னல் வழியாக டி.வி.டி., கம்ப்யூட்டர், கையில் பிடிக்கிற மைக் வரை அந்த கரண்ட் போகும். வீட்டில் கரோகே மைக் பிடித்துப் பாடுகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரிய சுமார் 40 மில்லி ஆம்பியர் கரண்ட் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் உடம்பில் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அதாவது ஒரு சின்ன பல்புக்குக் கூட போதாத கரண்ட், மனுஷனுக்குப் போதும். இதனால்தான் 30 மில்லி ஆம்பியரில் தட்டிவிடும் ஆர்.சி.டி. கருவியை மெயின் போர்டில் பொருத்தச் சொல்கிறார்கள். ஆர்.சி.சி.பி. என்று கேட்டாலும் கடையில் இதைத்தான் தருவார்கள். பியூஸ் கேரியர் மட்டும் இருக்கும் பழைய வீடுகளுக்கு இது ரொம்ப அவசியம்.

கம்பெனியிலேயே 2 பின்னோடு வரும் சாமான்கள் வேறு. அவற்றில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டைப் பாதுகாப்போடு செய்யப்பட்டவை என்று அர்த்தம். அவற்றுக்கு எர்த் தேவை இல்லை. 3 பின்னோடு வந்ததை 2 பின்னாக மாற்றுவதுதான் தப்பு.

வால்யூம் பூஜ்யத்திலும் சத்தமா?

எல்லா வயரையும் கழற்றிவிட்டு, வால்யூமையும் குறைத்த பிறகும் "ஊர்ர்ர்" என்று வந்தால், பெரும்பாலும் பவர் சப்ளையில் உள்ள பெரிய கபாசிட்டர்தான் காரணம். உருளை வடிவில் நிற்குமே, அதுதான். அதை ஒரு தண்ணீர் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளலாம். மெட்ரோ வாட்டர் விட்டு விட்டு வந்தாலும், மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் ஒரே சீராக வருகிறது அல்லவா? அதே போல விட்டு விட்டு வரும் கரண்டை நிரப்பி சீராகக் கொடுப்பது கபாசிட்டரின் வேலை. வருடக்கணக்கில் சூட்டில் இருந்து அது உள்ளே காய்ந்துவிட்டால் தொட்டி ஓட்டையான கதைதான்.

தலை உப்பி இருந்தாலோ, அடியில் பிசின் மாதிரி கசிந்திருந்தாலோ அது போய்விட்டது என்று தெரியும். சில நேரம் பார்க்க நன்றாக இருந்தும் போயிருக்கும். மாற்றும்போது பழையதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவுக்குக் குறையாமல் போட வேண்டும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். பிளக்கை எடுத்த பிறகும் இதில் கரண்ட் தேங்கி நிற்கும். எனவே இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. பெட்டியின் மூடியை வீட்டில் யாரும் திறக்க வேண்டாம்.

சத்தம் ரொம்ப பலமாக வந்து ஸ்பீக்கரின் காகிதம் ஒரேயடியாக வெளியே தள்ளி நின்றால், உடனே ஆப் செய்யுங்கள். ஆம்ப்ளிபயரின் ஐ.சி. அல்லது டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். விட்டுவைத்தால் ஸ்பீக்கரும் எரியும்.

டிரான்ஸ்பார்மர் உறுமல்

டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்புத் தகடுகள், காந்த சக்தியால் வினாடிக்கு 100 முறை கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்கும். எனவே லேசான உறுமல் எல்லா டிரான்ஸ்பார்மரிலும் உண்டு. அது கோளாறு இல்லை. எட்டு அடி தள்ளி உட்கார்ந்தும் கேட்டால்தான் கவனிக்க வேண்டும்.

போல்ட் லூசாக இருப்பது ஒரு காரணம். மர ஷெல்பில் வைத்தால் பலகையும் சேர்ந்து அதிரும். அடியில் தடிமனான ரப்பர் துண்டு வைத்தாலே பாதி குறையும். ராத்திரியில் உறுமல் கூடுகிறது என்றால், தெருவில் லோடு குறைந்து வோல்டேஜ் ஏறுகிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். வோல்டேஜ் ஏறினால் உறுமலும் ஏறும், சூடும் ஏறும். ஸ்டெபிலைசர் வைத்திருப்பவர்கள் அதையும் சந்தேகப்பட வேண்டும். அதற்குள்ளும் டிரான்ஸ்பார்மர்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளை கொண்டு வந்த ஆம்ப்ளிபயர் இந்த வட்டாரத்தில் புதுசு அல்ல. அங்கே 120 வோல்ட். அதற்காக ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கி மாட்டுவார்கள். வோல்டேஜ் சரியாகிவிடும். ஆனால் அங்கே கரண்ட் வினாடிக்கு 60 முறை மாறும், இங்கே 50. ஸ்டெப்-டவுன் இதை மாற்றாது. 60-க்கு மட்டும் செய்த டிரான்ஸ்பார்மர் 50-ல் ஓடும்போது கூடுதலாக உறுமும், சூடாகும். பெட்டியின் பின்பக்கம் 50/60 என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 60 என்று மட்டும் இருந்தால் ஓட்டாமல் இருப்பது நல்லது. 100-240 வோல்ட் என்று இருந்தால் ஸ்டெப்-டவுனே தேவை இல்லை. இன்னொரு விஷயம், ஸ்டெப்-டவுன் பெட்டியில் எர்த் துவாரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கரண்ட் போனால் மட்டும் சத்தமா?

2012-ல் சென்னையிலேயே தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அந்த சமயத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். விலை குறைவு என்று "ஸ்கொயர் வேவ்" இன்வெர்ட்டர் வாங்கியவர்கள் வீட்டில், கரண்ட் போனதும் பேன் உறுமும், ஸ்பீக்கரும் உறுமும். அதில் வரும் கரண்ட் அலை மாதிரி வளையாமல் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி வரும். அதனால் வரும் சத்தம் அது. "சைன் வேவ்" இன்வெர்ட்டர் என்றால் இந்த தொல்லை இருக்காது. கரண்ட் போகும்போது மட்டும் சத்தம் என்றால் ஆம்ப்ளிபயரை ரிப்பேருக்கு கொடுக்க வேண்டாம்.

அதே போல பேன் ரெகுலேட்டரைத் திருகும்போது சத்தம் மாறினால் ரெகுலேட்டரை மாற்றுங்கள். கீழே தண்ணீர் மோட்டார் போட்டதும் சத்தம் கூடினால் வீட்டின் நியூட்ரல், எர்த் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எர்த் குழியை எட்டிப் பார்த்தீர்களா?

தி.நகருக்காக 1920-களில் தூர்க்கப்பட்ட பெரிய ஏரியின் பெயரைத்தான் மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலை இன்றும் சுமக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2021 நவம்பர் மழையிலும் இங்கே பல தெருக்களில் தண்ணீர் நின்றது. தண்ணீர் ஏறிய வீடுகளில் கீழ்மட்ட பிளக் பாயிண்ட், எர்த் கம்பி, இணைப்பு போல்ட் எல்லாம் துருப்பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. வெளியே வெள்ளை அடித்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

வெயில் காலத்தில் வேறு பிரச்சினை. எர்த் குழியில் ஈரம் காய்ந்துவிட்டால் எர்த் சரியாக இழுக்காது. உப்பும் கரியும் போட்டு இறக்கிய பழைய எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான். அடுக்குமாடி வீடுகளில் எர்த் குழி மேலேயே டைல்ஸ் ஒட்டி, பைக் நிறுத்தி விடுகிறார்கள். குழி எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகிறது.

எலக்ட்ரீசியன் ஒருவரை அழைத்து மல்டிமீட்டரில் 3 அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸ்-நியூட்ரல் சுமார் 230 வோல்ட் காட்ட வேண்டும். பேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் 2, 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. 5, 10 என்று ஏறினால் நியூட்ரலோ எர்த்தோ சரியில்லை. வெறும் டெஸ்டரை வைத்துப் பார்த்து எர்த் இருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டாம். டெஸ்டர் பேஸை மட்டும்தான் காட்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதை வீட்டு உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். சத்தம் என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எர்த் இல்லை, பிரிட்ஜைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது என்று சொல்லுங்கள். ஜன்னல் கம்பியிலும், தண்ணீர் பைப்பிலும் எர்த் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக வேண்டாம். ஜன்னல் கம்பியைத் தொடுகிறவர் மேல் அந்த கரண்ட் பாயும்.

லைட் திடீரென்று பளிச்சென்றும் மங்கலாகவும் மாறி மாறி எரிந்தால், சத்தத்தை மறந்துவிட்டு முதலில் மெயினை ஆப் செய்யுங்கள். நியூட்ரல் கழன்றிருக்கலாம். அப்போது 300 வோல்ட்டுக்கு மேல் கூட வீட்டுக்குள் வரும். டி.வி., பிரிட்ஜ் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். 2021-ல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

மொத்தத்தில், வயர் மாற்றுவது, வயரைப் பிரித்துப் போடுவது, ஒரே போர்டில் மாட்டுவது, ரப்பர் வைப்பது ஆகியவை நீங்களே செய்யலாம். மூடியைத் திறக்கும் வேலை மெக்கானிக்குக்கு. எர்த், நியூட்ரல் வேலை எலக்ட்ரீசியனுக்கு. பின்னை ஒடிக்கும் வேலை யாருக்கும் இல்லை.

ஏற்கனவே ஒடித்து வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒரு புது 3 பின் டாப் வாங்கி மாட்டச் சொல்லுங்கள். மறுபடி "ம்ம்ம்" என்று சத்தம் வரும். வரட்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க 10 நிமிடம் போதும்.